ஏர்மெத்தின் போர்வை

1

அயர்லாந்தின் பழங்கதையொன்றில் ஒரு வைத்தியன் தன் மகனைக் கொல்கிறான். மகன் தன்னைவிட நல்ல வைத்தியன் என்பதுதான் காரணம். மோய் துராப் போர் பற்றிய அந்தக் கதையில் அரசன் நுவாதாவின் கை வெட்டுப்பட்டுப் போகிறது. தேவர்களின் வைத்தியன் டியன் கேக்ட் வெள்ளியில் ஒரு கை செய்து பொருத்துகிறான். மகன் மியாக்குக்கு அதில் திருப்தி இல்லை. மூட்டோடு மூட்டாக, நரம்போடு நரம்பாகச் சதையுள்ள கையையே அவன் திரும்ப வரவழைத்து விடுகிறான். தகப்பன் மகனின் தலையில் நான்கு முறை வெட்டுகிறான். முதல் மூன்று காயங்களை மகன் தானே ஆற்றிக்கொள்கிறான். நான்காவது மூளையில் இறங்குகிறது. அவனுடைய புதைகுழியின்மேல் 365 மூலிகைகள் முளைக்கின்றன. உடம்பில் எத்தனை மூட்டும் நரம்புமோ அத்தனை. சகோதரி ஏர்மெத் தன் போர்வையை விரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் குணப்படி பிரித்து அடுக்குகிறாள். டியன் கேக்ட் அங்கேயும் வந்து எல்லாவற்றையும் கலைத்து விடுகிறான். அதனால்தான் எந்தச் செடிக்கு எந்தக் குணம் என்பது யாருக்கும் சரியாகத் தெரிவதில்லை என்று கதை முடிகிறது. பரிசுத்த ஆவி கற்பித்தாலொழியத் தெரியாது என்று கிறிஸ்தவ ஏட்டில் ஒரு பின்னொட்டும் இருக்கிறது.

வைத்தியத்தின் பிறப்பைச் சொல்லும் கதைகளில் சாதாரணமாகத் தெய்வம் கொடுக்கும், மனிதன் வாங்கிக்கொள்வான். இங்கே யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஒரு கொலை, ஒரு புதைகுழி, அதன்மேல் முளைத்த செடிகள், ஒரு பெண்ணின் பொறுமையான வகைப்பாடு, பிறகு அதன் அழிவு. தொலைத்தலிலிருந்துதான் அறிவு பற்றிய பேச்சே தொடங்குகிறது. தொலைத்தவனும் அந்நியனல்ல, துறை தெரிந்தவன்.

நாட்டுவைத்தியம் பற்றிப் பேசுகிறபோது நாம் இரண்டு பாவனைகளில் ஒன்றுக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறோம். பாட்டிமார்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்ற உருக்கம் ஒன்று. எல்லாம் மூடநம்பிக்கை என்று கைகழுவுவது மற்றது. ஒன்றையொன்று வெறுப்பதாகக் காட்டிக்கொள்ளும் இந்த இரண்டும் ஓரிடத்தில் உடன்படுகின்றன. நாட்டுவைத்தியத்துக்குச் சரித்திரம் கிடையாது, அது பாறையையும் காட்டாற்றையும் போல எப்போதும் அப்படியே கிடந்தது என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமில்லை. அயர்லாந்தின் விஷயத்தில் இது உண்மையல்ல என்பதைக் காட்ட முடியும். காட்டுவது வெறும் தகவல் திருத்தமாக நின்றுவிடாது. நாட்டுப்புறத்தை இலக்கியத்துக்கு மூலதனமாகக் கொள்ளும் எவரும் தாங்கள் எடுப்பது யாருடையது என்று கேட்டுக்கொள்ளவும் அது உதவும்.

2

மத்திய கால அயர்லாந்தில் வைத்தியம் சில குடும்பங்களின் பரம்பரைத் தொழில். ஓ'ஹிக்கி, ஓ'ஷீல், ஓ'காஸிடி, ஓ'லீ என்ற பெயர்கள் அந்தக் குடும்பங்களுடையவை. ஹிக்கி என்ற பெயரே குணப்படுத்துகிறவன் என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. ஓ'காஸிடிகள் ஃபெர்மானாவை ஆண்ட மகுவயர்களுக்கு வைத்தியர்கள். ஓ'லீக்கள் மேற்குக் கரையில் ஓ'ஃப்ளாஹர்ட்டிகளுக்கு. இவர்களுக்குப் பிரபுக்கள் விட்ட நிலம் உண்டு, தோலில் எழுதிய ஏடுகள் உண்டு, அவற்றைப் படியெடுக்கும் சீடர்கள் உண்டு. ஐரிஷ் மொழியிலான வைத்தியச் சுவடிகள் நூற்றுக்குமேல் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் பெரும் பகுதி லத்தீனிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. மோன்பெலியேயில் பாடம் சொன்ன பெர்னார்டின் நூலும், ஹிப்போக்ரேட்டஸின் சூத்திரங்களும் ஐரிஷில் படிக்கப்பட்டன. அராபிய வைத்தியர்களின் பெயர்கள் அட்லாண்டிக் ஓரத்துக் குடிசைகளுக்கு மிக அருகில் உச்சரிக்கப்பட்டன.

ஓ'லீக்களின் புத்தகம் என்ற 15ஆம் நூற்றாண்டுச் சுவடி டப்ளினில் ராயல் ஐரிஷ் அகாடமியில் இருக்கிறது. பக்கங்கள் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, நோய், அதன் அறிகுறி, பருவம், சிகிச்சை என்று அட்டவணையாக எழுதப்பட்டிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஜாதகக் கட்டங்கள் போலத் தெரியும். பாக்தாதில் இப்ன் ஜஸ்லா என்ற வைத்தியர் 11ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதியது லத்தீனுக்குப் போய், அங்கிருந்து ஐரிஷுக்கு வந்த நூல் அது.

பிறகு 1601இல் கின்ஸேல் தோல்வி. 1607இல் வடக்குப் பிரபுக்களின் வெளியேற்றம். 1649இல் கிராம்வெல்லின் படை. பிரபுக்கள் போனபோது அவர்களை அண்டியிருந்த கவிஞர்களும் சட்ட அறிஞர்களும் வைத்தியர்களும் காலின்கீழ் நிலமில்லாமல் நின்றார்கள். ஓ'லீ குடும்பத்து மரோ என்பவன் 1668இல் தன்னை யாரோ கடலில் தூக்கிப் போய் ஹை-பிரேசில் என்ற மாயத் தீவைக் காட்டினார்கள் என்று சொன்னான். சில வருஷங்கள் கழித்து, படிப்பு எதுவுமில்லாமலே அவன் வைத்தியம் செய்ய ஆரம்பித்தான் என்று ரோடரிக் ஓ'ஃப்ளாஹர்ட்டி 1684இல் எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த ஊர்வழக்கு இதோடு சுவடியையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் புத்தகமே தீவுவாசிகள் அவன் கையில் கொடுத்தது என்றாயிற்று.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பாக்தாதில் எழுதப்பட்டு, ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்கள் வழியாகக் கைமாறி, பெயர் தெரிந்த மனிதர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்த ஒரு நூல், அதைத் தாங்கிநின்ற சமூகம் உடைந்தவுடன் மாயத் தீவின் பரிசாகி விடுகிறது. நாட்டார் கதை என்றாலே எழுத்துக்கு முந்தியது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இங்கே அது எழுத்துக்குப் பிந்தியது. ஒரு நூலகம் எரிந்தபின் அந்த இடத்தில் முளைப்பது.

எல்லாமே ஏட்டிலிருந்து உதிர்ந்தவை என்று இதற்கு அர்த்தமில்லை. மத்தியதரைக் கடல் நாட்டு நூல்கள் பார்த்தேயிராத வடபுலச் செடிகளை அயர்லாந்துக் கிராமத்தார் தாங்களாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். சதுப்பில் வளரும் போக்பீன், கடற்பாறையில் ஒட்டும் காராகீன் பாசி இவற்றை எந்த லத்தீன் பண்டிதரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. பிரிட்டன், அயர்லாந்து இரண்டின் நாட்டு மூலிகைகளையும் மாவட்டம் மாவட்டமாகத் தொகுத்து டேவிட் ஆலனும் கேப்ரியல் ஹாட்ஃபீல்டும் 2004இல் வெளியிட்ட நூல் இதை வற்புறுத்துகிறது. ஆக, ஒரே பெண்ணின் அடுப்பில் கொதித்த கஷாயத்தில் பாக்தாதும் இருந்திருக்கலாம், பக்கத்துச் சதுப்பும் இருந்திருக்கலாம். இதில் எது எது என்று பிரித்துத்தர இப்போது ஏர்மெத் இல்லை.

பெயர்களில் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பாதையோரத்தில் மிதிபட்டு வளரும் பிளான்டெயின் என்ற சிறுசெடிக்கு (நம் வாழைக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை) ஐரிஷில் ஸ்லான்லுஸ் என்று பெயர். லுஸ் என்றால் மூலிகை. ஸ்லான் என்பது சுகம், முழுமை, பத்திரம் எல்லாவற்றையும் குறிக்கும். விடைபெறும்போது சொல்லும் சொல்லும் அதுவே. வெட்டுக்காயத்தில் அந்த இலையைக் கசக்கி வைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். காம்ஃப்ரிக்கு ‘முறிந்த எலும்புகளின் மூலிகை’ என்று பெயர். முல்லெயின் ‘மேரியின் மெழுகுவர்த்தி’. 1726இல் அயர்லாந்தின் முதல் தாவர நூலை எழுதிய கேலப் த்ரெல்கெல்ட் இப்படிப்பட்ட ஐரிஷ் பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தார். அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஜனங்களின் நாக்கு ஐரிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியபோது செடி இருந்தது, பெயர் போயிற்று. பெயர் போனால் உபயோகமும் பாதி போன மாதிரி. ‘முறிந்த எலும்புகளின் மூலிகை’ என்று சொல்லும்போதே மருத்துவக் குறிப்பு கைமாறி விடுகிறது. ‘காம்ஃப்ரி’ என்ற சத்தத்தில் ஆங்கிலக் கிராமத்தானுக்குக்கூட ஒன்றும் கேட்பதில்லை.

3

1845க்கும் 1852க்கும் இடையில் உருளைக்கிழங்கு அழுகியதில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் அதிகமானோர் கப்பலேறினார்கள். 1841இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 1851இல் 65 லட்சத்துச் சொச்சம். அந்த வருஷங்களில் மூலிகை என்ற சொல்லே அர்த்தம் மாறிப் போயிற்று. நெட்டில் செடி நம் காஞ்சொறி போலத் தொட்டால் தடித்து அரிப்பது. பச்சையே காணாத பனிக்காலம் முடிந்து மே மாதத்தில் அதன் தளிரை மூன்று வேளை வேகவைத்துச் சாப்பிட்டால் ரத்தம் சுத்தமாகும் என்பது நாடு முழுவதும் பரவியிருந்த வழக்கம். அதே நெட்டிலையும், வயலில் களையாக முளைக்கும் காட்டுக்கடுகையும் பஞ்சத்தில் ஜனங்கள் வயிற்றுக்காகப் பிடுங்கித் தின்றார்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இருந்த கோடு அழிந்தது.

பஞ்சம் ஓய்கிற சமயத்தில், 1851இல், ஏழைகளுக்காக மாவட்டந்தோறும் தர்ம வைத்தியசாலைகள் அமைக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் அந்தக் காலத்துக்கு இது பெரிய ஏற்பாடு, குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் டாக்டரைப் பார்க்க ஒரு சீட்டு வேண்டும். தான் ஏழை என்பதற்கு ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் கையெழுத்திட்ட சீட்டு. வைத்தியசாலைக்கு நடந்துபோகக் கறுப்புச் சீட்டு. டாக்டர் வீட்டுக்கு வரவேண்டுமானால் சிவப்புச் சீட்டு. அந்தப் பெரியமனிதர் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரராகவோ கடைக்காரராகவோ இருப்பார். அதாவது கடன் பாக்கி இருக்கும் இடம். இந்த ஏற்பாடு 1970இன் சுகாதாரச் சட்டம் வரை நீடித்து, 1972இல்தான் முழுதாக மாறியது. இடையில் 1951இல் தாய்க்கும் குழந்தைக்கும் வருமானம் விசாரிக்காமல் இலவச வைத்தியம் என்ற திட்டத்தை மந்திரி நோயல் பிரவுன் கொண்டுவந்தபோது பிஷப்புகளும் டாக்டர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று.

இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் கிராமத்துச் சிகிச்சையைப் பார்க்க வேண்டும். அயர்லாந்து வழக்கில் ஒருவரிடம் மருந்து ‘இருக்கிறது’ என்று சொல்வார்கள். ‘தெரியும்’ என்று சொல்லமாட்டார்கள். இன்ன வீட்டில் எலும்பு முறிவுக்கு இருக்கிறது, இன்ன வீட்டில் அக்கிக்கு இருக்கிறது. அதைப் பணத்துக்கு விற்கக்கூடாது, விற்றால் பலிக்காது. பல ஊர்களில் நன்றிகூடச் சொல்லக்கூடாது. ரகசியத்தை வெளியே சொன்னால் சக்தி போய்விடும். சாகும் தருவாயில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஏழாவது மகனுக்கு, அதிலும் ஏழாவது மகனின் ஏழாவது மகனுக்கு, கையிலேயே குணம் உண்டு. தன் குடும்பப் பெயரையே உடைய ஒருவனை மணந்த பெண் கொடுக்கும் ரொட்டி கக்குவானுக்கு மருந்து. வெள்ளைக் குதிரையில் வருகிறவனை வழிமறித்துக் கேட்டால் அவன் வாயில் வருவது மருந்து.

வங்கிக் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளுகிறவனுக்கு இந்த விதிகளில் முதலில் தெரிவது, வரவும் செலவும் எழுத முடியாதபடி இவை கவனமாக அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது. வெள்ளைக் குதிரைக்காரன் யாராகவும் இருக்கலாம். ஏழாவது மகன் பரம தரித்திரனாகவும் இருக்கலாம். குணம் பதவியோடும் நிலத்தோடும் ஒட்டாமல் பிறப்பின் தற்செயலோடும் பெயரின் தற்செயலோடும் ஒட்டிக்கொள்கிறது. வாங்குகிறவன் யாருக்கும் கடன்படுவதில்லை. சீட்டு கேட்கப்போனவன் தன் தரித்திரத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு திரும்பினான். மருந்து கேட்கப்போனவன் போனபடியே திரும்பினான். நாட்டுவைத்தியம் அறியாமையால் நீடித்தது என்கிறவர்கள் இந்த அவமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மருந்து வேலை செய்ததா என்பது ஒரு கேள்வி. அதை வாங்கும்போது மனிதன் எப்படி நின்றான் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கான பதில்தான் ஜனங்களின் கால்களை நடத்தியது.

4

இங்கேயே நிறுத்திவிட்டால் உருக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்றாகும். ஃபாக்ஸ்க்ளவ் பற்றியும் பேச வேண்டும்.

ஐரிஷில் இதை லுஸ் மோர், பெரிய மூலிகை, என்பார்கள். இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பக்கத்து ஒரு கிழவியின் குடும்ப மருந்து நீர்க்கோவையைக் கேட்பதாகக் கேள்விப்பட்டு, அதிலிருந்த இருபதுக்கும் மேற்பட்ட செடிகளில் வேலை செய்வது இதுவே என்று கண்டு, அளவு நிர்ணயித்து, வில்லியம் விதரிங் 1785இல் புத்தகம் போட்டார். இருதய வைத்தியத்தின் டிஜிடாலிஸ் அப்படித்தான் வந்தது. கிழவியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் புழங்கிய பெயர் 1928இல் ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கற்பித்தது.

அயர்லாந்தில் இதே செடிக்கு வேறொரு உபயோகமும் இருந்தது. நலிந்துகொண்டே போகும் குழந்தையை ‘ஷீ’ என்ற மாய மக்கள் களவாடிக்கொண்டு போய், அதன் இடத்தில் தங்களில் ஒன்றைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால், லுஸ் மோர் சாற்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள். மாயக் குழந்தையானால் ஓடிப்போகும். அளவு தப்பினால் உயிரெடுக்கும் செடி. ஓடிப்போனது எது என்று நாம் ஊகிக்கலாம்.

1895 மார்ச்சில் டிப்பெரரி மாவட்டம் பாலிவாட்லியாவில் பிரிட்ஜெட் கிளியரி என்ற இளம்பெண் காய்ச்சலில் படுத்தாள். தையல்காரி, சொந்தத் தையல் மெஷின், கோழி விற்ற காசு, தன் இஷ்டப்படி உடுத்தும் தைரியம் எல்லாம் உள்ளவள். குடும்பத்தார் டாக்டருக்காகத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். அவர் வந்துசேரச் சில நாட்களாயின. பாதிரியார் வந்து அந்திமச் சடங்கு செய்தார். அதற்குள் கணவன் மைக்கேல், படுத்திருப்பது தன் மனைவியே அல்ல என்ற முடிவுக்கு வந்துவிட்டான். மூலிகைக்காரன் ஒருவனிடம் வாங்கிய செடிகளைப் புதுப்பாலில் காய்ச்சி, உறவினர்கள் அவளைப் பிடித்து அழுத்திக்கொள்ள, வாயில் ஊற்றினார்கள். நீ பிரிட்ஜெட் கிளியரிதானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளும் சொன்னாள். அடுத்த இரவு அவள் நெருப்பில் இறந்தாள். மைக்கேலுக்கு 20 வருஷத் தண்டனை. 1910இல் வெளியே வந்து கனடாவுக்குப் போய்விட்டான். அயர்லாந்துக்குச் சுயாட்சி பற்றி விவாதம் நடந்த காலம் அது. இப்படிப்பட்ட ஜனங்களா தங்களை ஆண்டுகொள்ளப் போகிறவர்கள் என்று கேட்கச் சில ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இந்தப் பிணம் பயன்பட்டது.

இந்தச் சம்பவத்தை அஞ்ஞலா போர்க் 1999இல் ஒரு நூலாக விரிவாக எழுதியிருக்கிறார். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அந்தப் பாலில் வேகவைத்த மூலிகையும், வெட்டுக்காயத்தில் கசக்கி வைத்த ஸ்லான்லுஸும் ஒரே மரபுதான். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மூடநம்பிக்கை என்று தனியே எடுத்துப்போட மரபு இடம் கொடுப்பதில்லை. எந்த வீட்டில் எந்த மருந்து இருக்கிறது என்று நினைவு வைத்துக்கொண்ட அதே ஊர், யார் நம்மைப்போல் இல்லை என்பதையும் நினைவு வைத்துக்கொண்டது. யாரும் கடன்படாத அந்த ஏற்பாட்டின் உள்ளேயே, யாரையாவது வெளியே தள்ளும் ஏற்பாடும் இருந்தது.

5

இந்த அறிவைச் சேகரித்தவர்கள் யார்?

டப்ளினில் கண், காது வைத்தியராக இருந்த வில்லியம் வைல்டு 1852இல் அயர்லாந்தின் நாட்டார் நம்பிக்கைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பஞ்ச காலத்துச் சாவுகளைக் கணக்கெடுத்து 1851 ஜனத்தொகைக் கணக்கின் மருத்துவ அறிக்கையைத் தயாரித்தவரும் அவரே. நம்பிக்கைகளை எழுதிய கையும் சாவுகளைக் கூட்டிய கையும் ஒன்று. அவர் இறந்த பிறகு அவர் சேர்த்து வைத்திருந்ததையும் கொண்டு மனைவி லேடி வைல்டு 1887லும் 1890லும் புத்தகங்கள் கொண்டுவந்தார். ஆஸ்கர் வைல்டின் பெற்றோர் இவர்கள்.

லேடி கிரகரியை நாம் யேட்ஸின் வழியாக அறிவோம். கிளேர் மாவட்டத்து ஃபீக்கிலில் வாழ்ந்து 1874இல் இறந்த பிடி எர்லி என்ற வைத்தியக்காரியைப் பற்றி அவர் ஊர் ஊராகக் கேட்டு எழுதினார். நீலக் குப்பியில் பார்த்து நோயைச் சொல்வாள், பணம் வாங்கமாட்டாள், பாதிரிமார்களுக்குப் பயப்படமாட்டாள், அவள் செத்தபின் குப்பியை ஏரியில் எறிந்துவிட்டார்கள் என்றெல்லாம் வழக்கு. 1920இல் அது யேட்ஸின் கட்டுரைகளோடும் குறிப்புகளோடும் இரண்டு தொகுதிகளாக வந்தது. யேட்ஸுக்கு பிடி எர்லி ஆவியுலகத்தின் சாட்சி. மூட்டுவலியோடு பத்து மைல் நடந்து அவளிடம் போனவர்களுக்கு அவள் மூட்டுவலிக்கு மருந்து கொடுக்கிறவள். கவிதைக்காக யேட்ஸ் எடுத்துக்கொண்டதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் எடுத்தபோது மூட்டுவலி விட்டுப்போயிற்று.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. லேடி கிரகரியின் கணவர் வில்லியம் கிரகரி 1847இல், பஞ்சத்தின் உச்சத்தில், பாராளுமன்றத்தில் ஒரு ஷரத்தைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் அதைக் கைவிட்டாலொழிய அரசாங்க நிவாரணம் கிடையாது. நிலத்தை விட்டால் கஞ்சி. நிலத்தைப் பிடித்துக்கொண்டால் பட்டினி. எத்தனையோ குடும்பங்கள் இந்த ஷரத்தால் வீடிழந்தன. இந்த மனிதரை இலங்கைத் தமிழர்கள் வேறுவிதமாக அறிவார்கள்: 1872 முதல் 1877 வரை இலங்கைக் கவர்னர், கொழும்பு மியூசியத்தை நிறுவியவர். லேடி கிரகரி அவரை மணந்தது 1880இல்தான். ஷரத்துக்கு அவர் பொறுப்பல்ல. ஆனாலும் அரை நூற்றாண்டு கழித்து அதே மேற்குப் புறத்துக் குடிசைகளில் போய் உட்கார்ந்து, உங்களிடம் என்ன மருந்து இருந்தது என்று கேட்டது அந்தப் பெயர்தான். ஒரு சமூகத்தின் அன்றாடத்தைக் குலைப்பதற்கும், குலைந்ததை மியூசியத்திலும் புத்தகத்திலும் பத்திரப்படுத்துவதற்கும் இடையில் ஒரு தலைமுறை போதுமானதாக இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த முயற்சி வேறு ஜாதி. 1935இல் நிறுவப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்றுக் கமிஷன் 1937 முதல் 1939 வரை பள்ளிக்கூடங்கள் மூலம் ஒரு சேகரிப்பை நடத்தியது. 26 மாவட்டங்களில் 5,000 பள்ளிகள், சுமார் 50,000 குழந்தைகள். பெரும்பாலும் 11 முதல் 14 வயது. வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருந்த கிழவர் கிழவிகளைக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார்கள். மூலிகைகள் ஒரு தலைப்பு, உள்ளூர்ச் சிகிச்சைகள் இன்னொரு தலைப்பு. மொத்தம் ஏழு லட்சம் பக்கங்களுக்கு மேல். கமிஷனின் சேகரிப்பு 1971இல் டப்ளின் யூனிவர்ஸிடி காலேஜுக்குப் போயிற்று. 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் ஏறியது.

இதைப்போல ஒன்று உலகத்தில் அதிகமில்லை. சொன்னவரின் பெயரும் ஊரும் பல பக்கங்களில் இருக்கிறது. விதரிங்கின் கிழவிக்குக் கிடைக்காத மரியாதை அது. ஆனாலும் ஒரு பாட்டி 12 வயதுப் பேரனிடம் எதைச் சொல்வாள், எதைச் சொல்லமாட்டாள்? கருவைத் தடுக்கவும் கலைக்கவும் பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டதை அவன் நோட்டில், வாத்தியார் திருத்தப்போகும் நோட்டில், எழுதச்சொல்வாளா? பெண்களிடம் இருந்த வைத்தியத்தில் பெண்களுக்கே ஆன பகுதிதான் அந்த ஏழு லட்சம் பக்கங்களில் மிகக் குறைவாக எதிர்பார்க்கத்தக்கது. ரகசியம் சொன்னால் பலிக்காது என்ற விதியும் இருந்தது. உண்மையில் மருந்து ‘இருந்தவர்கள்’ வாயைத் திறந்திருக்கமாட்டார்கள். ஏடுகளில் ஏறியது பெரும்பாலும், எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சக்தி போய்விடும் என்ற பயமில்லாதது.

6

பலித்ததா என்ற கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கியது வேண்டுமென்றுதான்.

க்ஷயரோகம் அயர்லாந்தின் குடும்பங்களைத் தின்ற காலத்தில் முல்லெயின் இலையைப் பாலில் காய்ச்சிக் குடித்தார்கள். டப்ளினின் செயின்ட் வின்சென்ட் ஆஸ்பத்திரி டாக்டர் குவின்லன் இதைக் கேலி செய்யாமல் நோயாளிகளிடம் சோதித்து 1883இல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் எழுதினார். இருமல் தணிந்தது, நோய் போகவில்லை. நோயைப் போக்கியது 1943இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைஸின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைஸிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. முறிந்த எலும்புகளின் மூலிகையில் திசு வளர்ச்சிக்கு உதவும் அலன்டாயின் இருக்கிறது. உள்ளே சாப்பிட்டால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சும் இருக்கிறது.

ஃபெர்மானாவில் போஹோ என்ற ஊர்க் கல்லறைத் தோட்டத்து மண்ணுக்கு நோய் தீர்க்கும் குணமுண்டு என்று நெடுநாள் வழக்கு. 1815இல் இறந்த ஜேம்ஸ் மக்கிர் என்ற பாதிரியார், தன்னை மூடும் மண் தான் தீர்த்ததையெல்லாம் தீர்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஒரு சிட்டிகையைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, பிறகு அந்த மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும். 2018இல் வேல்ஸின் ஸ்வான்ஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆராய்ச்சிக் குழு அந்த மண்ணில் புதிய ஸ்ட்ரெப்டோமைஸிஸ் ஒன்றைக் கண்டது. பல மருந்துகளுக்கு மசியாத சில கிருமிகளை அது சோதனைச்சாலையில் தடுக்கிறது.

செய்தி வந்தவுடன் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது என்ற கோஷம் எழுந்தது. தெரிந்திருக்கவில்லை. துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்த மண் யாருடைய ரத்தத்திலும் கலக்கவில்லை. சோதனைச்சாலைத் தட்டில் கிருமி நின்றது என்பதற்கும் நோயாளி எழுந்து நடந்தான் என்பதற்கும் நடுவில் வெகுதூரம். ஆனால் எடுத்த மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற அந்த விதி எனக்கு நுண்ணுயிரைவிட முக்கியமாகப்படுகிறது. இருநூறு வருஷங்களாக நோயாளிகள் ஒரு கல்லறையிலிருந்து மண் எடுத்தும் அது தீர்ந்துபோகாமல் ஆராய்ச்சியாளர்களுக்கும் மிஞ்சியது அந்த விதியால்தான். சேகரித்த நாம் யாரும் அந்த விதியைச் சேகரித்துக்கொள்ளவில்லை.

1937ஐத் திரும்பப் பார்க்கலாம். அந்த வருஷம் அயர்லாந்து அரசாங்கம் குழந்தைகளிடம் நோட்டைக் கொடுத்து மூலிகைகளைப் பற்றி எழுதச் சொன்னது. நெட்டில் பட்ட இடத்தில் டாக் இலையைத் தேய்க்க வேண்டும் என்று எழுதாத பள்ளிக்கூடம் குறைவாக இருக்கும். அதே வருஷம், 1936இன் களைச் சட்டத்தின்கீழ் ஓர் உத்தரவும் வந்தது. முள்செடி, ஷீ மக்கள் குதிரையாக ஏறிப்போவதாக நாட்டுப்புறம் சொன்ன ராக்வர்ட், டாக் ஆகிய மூன்றும் தீங்குக் களைகள். நிலத்துக்காரன் அழித்தாக வேண்டும், தவறினால் அபராதம். விவசாய இலாகாவுக்கு அதன் நியாயம் இருந்தது. ராக்வர்ட் மாட்டைக் கொல்லும்.

டாக் இலை அரிப்பை நீக்கும் என்பதற்கு நம்பத்தக்க நிரூபணம் இல்லை. அழும் குழந்தை இலையைத் தேடும் நேரத்தில் அரிப்பு தானே தணிந்துவிடுகிறது என்பதே இருக்கலாம். அப்படியானால் மருந்து அந்தத் தேடல். நோட்டுப் புத்தகமும் உத்தரவும் இரண்டுமே பத்திரமாக இருக்கின்றன. டாக் செடியும் இருக்கிறது, அநேகமாக எப்போதும் நெட்டிலுக்குப் பக்கத்திலேயே.